கரம்பன் கிராமத்துப் பிள்ளை: தனிநாயகம் அடிகளாரை நினைப்போம்



பிள்ளைகளை முதலாம் ஆண்டில் பதியும் காலம் வந்துவிட்டால் போதும், தோட்டத்து லயத்திலும் சரி, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் குடியிருக்கும் தாமானிலும் சரி, ஒரே பேச்சுத்தான். "தமிழ்ப் பள்ளியிலே போட்டா பிள்ளைக்கு மலாய் ஒழுங்கா வருமா? இங்கிலீஷ் வருமா? நாளைக்குப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்போ தமிழ் சோறு போடுமா?"

சங்க வேலையாகக் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ஜொகூரில் தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறவன் நான். சம்பளச் சீட்டை நீட்டி "இது சரியா பாருங்க" என்று கேட்பவர்களுக்கு அடுத்தபடியாக, இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம். கேட்பதில் தப்பே இல்லை. பெற்ற வயிறு கேட்கத்தான் செய்யும். நாம் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பிலிருந்து வருகிற கேள்வி அது.

அதற்குப் பதிலாக இந்த வாரம் ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். உலகத்தில் பல நாடுகளைச் சுற்றியவர். பத்துக்குக் குறையாத மொழிகளோடு பழகியவர். எட்டு ஆண்டுகள் நம் நாட்டில், நம்மோடு இருந்தவர். பெயர் தனிநாயகம் அடிகளார். பெரியவர்களில் சிலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

தீவில் பிறந்த பிள்ளை

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தை ஒட்டிச் சில தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஊர்காவற்றுறை என்ற துறைமுகம். அதன் பக்கத்திலே கரம்பன் என்ற கிராமம். பனை மரமும் கடல் காற்றும் உள்ள ஊர். அங்கே 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் கத்தோலிக்கர்கள். பிள்ளைக்கு இட்ட பெயர் சேவியர். தனிநாயகம் என்ற பெயர் பின்னால் வந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊர்காவற்றுறையிலும், பிறகு யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆட்சியில் நல்ல பள்ளிக்கூடம் என்றால் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றுதான் பொருள். அங்கே ஆங்கிலம் நன்றாகக் கற்றார். பிறகு கொழும்பில் குருமடம். அங்கிருந்து 1934-இல் ரோமாபுரிக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 21. ஐந்து ஆண்டுகள் ரோமில் படித்து, 1938-இல் குருவானவராகி, சமய நூலில் டாக்டர் பட்டமும் பெற்றார். அங்கே பல நாட்டு மாணவர்கள் கூடிப் படித்தார்கள். பாடம் இலத்தீன் மொழியில். தெருவிலே இத்தாலி மொழி. சாப்பாட்டு மேசையிலே பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று பல மொழிகள். அந்தப் பிள்ளைகளோடு பழகிப் பழகி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை மொழியும் வந்தது. ஆனால் தாய்மொழியாகிய தமிழ்? பேசத் தெரியும். இலக்கியமாகப் படித்ததில்லை. சங்க இலக்கியம் என்று ஒன்று இருப்பதன் பெருமை அவர் கைக்கு இன்னும் எட்டவில்லை.

இருபத்தேழு வயதில் தமிழ்

ரோமிலிருந்து திரும்பியவர் தமிழ்நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் என்ற ஊருக்கு ஆசிரியராக வந்தார். 1940 முதல் 1945 வரை அங்கே புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் பணி. ஊரும் கிராமம், பள்ளியும் கிராமத்துப் பள்ளி. அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது.

ரோமில் பட்டம் வாங்கிய குருவானவர், அங்கிருந்த தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழுக்கு மேல். கற்றுக் கொடுத்தவர் ஐயர், கற்றுக்கொண்டவர் பாதிரியார். இடையிலே நின்றது தமிழ். மதமும் தடுக்கவில்லை, பட்டமும் தடுக்கவில்லை, வயதும் தடுக்கவில்லை.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். "இனிமே நமக்கு எங்கே படிப்பு வரும்? வயசாயிடுச்சே" என்று நாற்பது வயதில் கையை விரிக்கிறோம். அவரோ பண்டிதரிடம் படித்ததோடு நிற்கவில்லை. 1945-இல், முப்பத்திரண்டு வயதில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், தன்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு மாணவராகச் சேர்ந்து தமிழில் எம்.ஏ. படித்தார். பிறகு பழந்தமிழ்ப் பாட்டுகளில் இயற்கை எப்படிப் பாடப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் வாங்கினார். அதோடும் விட்டாரா? நாற்பது வயதைத் தாண்டி இலண்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடியும் மாணவர் ஆனார். பழந்தமிழரின் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இன்னொரு டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்தக் காலத்தில்தான் தனிநாயகம் என்ற பெயரைத் தமக்கு ஆக்கிக்கொண்டார். அது புதிதாகச் செய்த பெயரல்ல. நெடுந்தீவில் வாழ்ந்த அவருடைய முன்னோர் ஒருவரின் பெயர். உலகம் சுற்றி வந்தவர் பாட்டன் பெயரைத் தேடி எடுத்துப் பூட்டிக்கொண்டார். நம் தோட்டத்திலே பாட்டன் பெயரும், பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினான் என்பதும் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்! கேட்டுச் சொல்ல வீட்டிலே பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும்.

பூட்டிய கதவும் சாவிக் கொத்தும்

"சரிங்க, பத்து மொழி படிச்சாரு. அதனாலே தமிழுக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் முக்கியமான இடம்.

தமிழைப் பற்றிய பழைய நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் தமிழ்நாட்டில் மட்டும் இருக்கவில்லை. நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போர்த்துக்கீசியர் வந்தார்கள், பிறகு ஒல்லாந்தர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் வந்தார்கள். வந்தவர்கள் தமிழ் கற்றார்கள், எழுதினார்கள், அச்சடித்தார்கள், தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லிஸ்பனில் கொஞ்சம், ரோமில் கொஞ்சம், பாரிசில் கொஞ்சம், ஜெர்மனியில் கொஞ்சம் என்று நம் வீட்டுப் பொருள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. அந்தந்த நூலகத்துப் பட்டியல்கள் அந்தந்த நாட்டு மொழியில். தமிழ் மட்டும் தெரிந்தவர் அந்த வாசல்வரை போகலாம், உள்ளே போய்த் தேட முடியாது. அந்த மொழிகள் மட்டும் தெரிந்தவர் உள்ளே போகலாம், தமிழ் ஏட்டைப் பார்த்தாலும் அதன் அருமை தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாக அடிகளார் போய்ச் சேர்ந்தார்.

1954-இல் வத்திக்கான் நூலகத்தில் ஓர் அகராதியை அவர் கண்டெடுத்தார். தமிழ்ச் சொல்லுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் பொருள் சொல்லும் அகராதி. அந்தாம் தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்தது. கேரளத்து அம்பலக்காட்டில் 1679-இல் அச்சானது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. முந்நூறு வருசத்துக்கு முன்னால் நம் ஆட்கள் எந்தச் சொல்லை எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அது சாட்சி. அதை அப்படியே படம் பிடித்து அவர் மறுபதிப்புப் போட்டார். எங்கே தெரியுமா? நம் கோலாலம்பூரில், 1966-இல், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாக.

இன்னொன்று. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு சமய நூல் அச்சானது. அதில் இருந்தது தமிழ். ஆனால் தமிழ் எழுத்து அப்போது அச்சுக்கு வார்க்கப்படவில்லை. அதனால் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் "சாப்டீங்களா" என்பதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புகிறார்களே, அதே மாதிரிதான். ஆனால் அந்தக் காலத்தவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. 24 ஆண்டுகளில், 1578-இல், தமிழுக்கென்று எழுத்து வார்த்துக் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூலை அச்சடித்தார்கள். இப்படிப்பட்ட முதல் அச்சு நூல்களைப் பற்றி அடிகளார் ஆராய்ந்து எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எழுத்து வார்க்காத காலத்தில் வேறு வழியில்லாமல் செய்ததை, எழுத்து இருக்கும் காலத்தில் நாம் சோம்பலால் செய்துகொண்டிருக்கிறோம். இதையும் வீட்டிலே பேச வேண்டும்.

1949-இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் உலகப் பயணம் செய்தார். மலாயா, ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகள், ஐரோப்பா. போன இடமெல்லாம் தமிழைப் பற்றிப் பேச்சு. அமெரிக்காவில் மட்டும் ஓராண்டில் சுமார் 200 சொற்பொழிவுகள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பயணங்களைப் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயர் "ஒன்றே உலகம்". 1952-இல் "தமிழ்க் கல்ச்சர்" என்று ஆங்கிலத்தில் ஒரு காலாண்டு இதழைத் தொடங்கினார். தமிழர் அல்லாதவர்களும் தமிழைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக. ஆங்கிலத்தைத் தமிழுக்கு வேலைக்கு வைத்தார் என்று சொல்ல வேண்டும்.

நம் வெள்ளியும் அந்தத் துறையும்

1961-இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இந்திய ஆய்வியல் துறையின் தலைவராகவும் பேராசிரியராகவும் 1969 வரை இருந்தார். இந்த இடத்தில் தொழிலாளர்களாகிய நாம் நிமிர்ந்து உட்கார வேண்டிய ஒரு சங்கதி உண்டு.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையைத் தொடங்கப் பேச்சு வந்தபோது, அங்கே முதலிடம் எந்த மொழிக்கு என்று பெரிய வழக்கு எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு என்றார்கள் சிலர். இந்த நாட்டு இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள், தமிழுக்குத்தான் என்று சிங்கப்பூர் "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுத்தாலும் பேச்சாலும் போராடினார். "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார்கள். கொடுத்தவர்கள் யார்? பணக்காரர்கள் மட்டுமா? பால்மரம் வெட்டியவர்களும் ரோடு போட்டவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்தே பார்க்காதவர்கள், அங்கே தமிழ் இருக்க வேண்டும் என்று வியர்வைக் காசை எடுத்துக் கொடுத்தார்கள்.

பின்னாளில் அந்தத் துறைக்குத்தான் அடிகளார் தலைவராக வந்தார். அந்தத் துறையில் நம் தாத்தா பாட்டியின் வெள்ளியும் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "பல்கலைக்கழகமா, அதெல்லாம் நமக்கு எட்டாததுப்பா" என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் சொல்லக்கூடாது.

1966 ஏப்ரல்

1964-ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் கீழைநாட்டு ஆய்வாளர்களின் உலக மாநாடு ஒன்று நடந்தது. அங்கே வந்திருந்த தமிழ் அறிஞர்களை அடிகளார் ஒன்று கூட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. முதல் தலைவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ழான் ஃபிலியோசா. செயலாளர்களாக அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும். ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு செக்காரர், ஒரு கரம்பன் கிராமத்துக்காரர். இவர்களைச் சேர்த்து உட்கார வைத்தது தமிழ்.

அந்த மன்றத்தின் முதல் மாநாடு எங்கே நடக்க வேண்டும்? சென்னையில் நடந்திருக்கலாம், யாழ்ப்பாணத்தில் நடந்திருக்கலாம். நடந்தது கோலாலம்பூரில்! 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முதல் பந்தல் போட்டது மலேசியா. அந்தப் பெருமையை எவரும் நம்மிடமிருந்து எடுக்க முடியாது. பிறகு 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம் என்று மாநாடு நடந்தது. கோலாலம்பூருக்கே 1987-இலும் 2015-இலும் திரும்பி வந்தது.

அந்த 1960கள் நமக்கு எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைக்க வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலையும் போய் லயமும் போய் நம் சனங்கள் நடுத்தெருவில் நின்றார்கள். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். தோட்டத்தில் கண்ணீரும் தலைநகரில் தமிழ் மாநாடும் ஒரே காலத்தில் நடந்தன. "மாநாடு நடந்தா நம்ம வயிறு நெறையுமா?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தாலும் தப்பில்லை. வயிற்றுக்குச் சங்கம் வேண்டும், கூட்டுறவு வேண்டும். ஆனால் நாம் யார் என்று நமக்குச் சொல்ல மொழி வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நம் பெரியவர்கள் நினைக்கவில்லை. நிலநிதிக்கும் சந்தா கட்டினார்கள், தமிழுக்கும் வெள்ளி கொடுத்தார்கள்.

1969-இல் அடிகளார் இந்த நாட்டை விட்டுப் போனார். 1974 ஜனவரியில் யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி நாள் கூட்டத்தில் போலீஸ் புகுந்து, மாநாடு பார்க்க வந்த பொதுமக்களில் சிலர் உயிர் இழந்தார்கள். தாம் வளர்த்த மன்றத்தின் மாநாடு தம் சொந்த மண்ணிலே இரத்தத்தில் முடிந்ததைப் பார்க்கும் துயரம் அவருக்கு வந்தது. 1980 செப்டம்பர் 1-ஆம் நாள், 67-ஆம் வயதில் காலமானார்.

பொருள் மறந்த பாட்டு

அடிகளார் எடுத்துச் சொன்னவற்றில் என்னை மிகவும் உலுக்கிய ஒன்று உண்டு. அண்டை நாடாகிய தாய்லாந்தில் அரண்மனையைச் சேர்ந்த பிராமணர்கள் ஆண்டுதோறும் ஒரு சடங்கு செய்கிறார்கள். அதில் ஓதப்படும் மந்திரங்களில் நம் மாணிக்கவாசகரின் திருவெம்பாவைப் பாட்டுகள் இருக்கின்றன. பல நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் கொண்டுபோனது. பாட்டு நின்றது, ஓசையும் ஓரளவு நின்றது. பொருள் போய்விட்டது. ஓதுகிறவர்களுக்கு அது தமிழ் என்பதும் மறந்துபோயிற்று.

ஒருவிதத்தில் இது பெருமை. கடல் தாண்டி இவ்வளவு தூரம் நம் பாட்டு போயிருக்கிறதே என்று மார்தட்டலாம். இன்னொரு விதத்தில் வயிற்றைக் கலக்குகிறது. இன்றைக்கு நம் தோட்டக் கோயிலில் தேவாரம் பாடும் பிள்ளைகளில் சிலர் தாளை எதில் வைத்துப் படிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். குரல் இனிமையாகத்தான் இருக்கிறது. பொருளைக் கேட்டால் சிரிக்கிறார்கள். இன்னும் இரண்டு தலைமுறை போனால் என்ன ஆகும் என்பதைத் தாய்லாந்து நமக்கு முன்கூட்டியே காட்டிக்கொண்டிருக்கிறது.

1957-இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இப்போது 530-க்கும் சற்றுக் குறைவு. தோட்டம் செம்பனைக்கு மாறியது, ஆட்கள் வெளியேறினார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிகள் இணைந்தன அல்லது மூடின. எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்ட முடியாது. ஆனால் கட்டடம் போனாலும் மொழி போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம்ம ஆளுக்கு எத்தனை மொழி?

"அவருக்கென்ன, திருச்சபை ரோமுக்கு அனுப்பிப் படிக்க வெச்சுது. நமக்கு யாரு இருக்கா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வசதி நமக்கு இல்லை. ஆனால் மொழி கற்கும் திறமை நமக்கு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவரைப் பாருங்கள். வீட்டிலே தமிழ். அடுத்த வீட்டுக்காரரோடு தெலுங்கோ மலையாளமோ கலந்த பேச்சு. கம்போங்கிலும் அரசாங்க ஆபீசிலும் மலாய். சீனன் கடையில் விலை பேசும் அளவுக்கு ஹொக்கியனோ கந்தோனீசோ. இப்போது கூட வேலை செய்யும் வங்காளதேசத்து, நேபாளத்துத் தொழிலாளிகளோடு நாலு வார்த்தை. பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததா இதெல்லாம்? வேலைக்காட்டிலே, கடைத்தெருவிலே கற்றது. இதையே ஒரு வெள்ளைக்காரர் பேசினால் பன்மொழிப் புலவர் என்போம். நம் ஆள் பேசினால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை.

இந்த மொழிகளே ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கியவைதான். மலாய்க்காரர் கடையைக் "கெடாய்" என்கிறார், பெட்டியைப் "பெத்தி" என்கிறார், கட்டிலைக் "காத்தில்" என்கிறார், கப்பலைக் "காப்பால்" என்கிறார், முதல் போட்டு வியாபாரம் செய்தால் அந்த முதலை "மொடால்" என்கிறார். எல்லாம் தமிழிலிருந்து போனவை. மலாயைக் கற்கும்போது அயல் வீட்டுக்குள் நுழைகிறோம் என்று கூச வேண்டாம். அங்கே நம் பாட்டன் வைத்துவிட்டு வந்த சாமான்கள் கொஞ்சம் இருக்கின்றன.

கடிதத்தைப் படிக்கும் பிள்ளை

இனி சங்கக்காரனாகப் பேசுகிறேன். தோட்டத்திலே வேலை நீக்கக் கடிதம் வருகிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது, சேமநிதிப் பாரம் வருகிறது, சொக்சோ பாரம் வருகிறது. எல்லாம் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். முப்பது வருசம் உழைத்த அம்மா அதைக் கையிலே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைரேகை வைத்துவிட்டு, பிறகு சங்க ஆபீசுக்கு வந்து கண்ணீர் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைரேகை வைத்த பிறகு வழக்காடுவது எவ்வளவு கடினம் தெரியுமா?

அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று வையுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை என்றால் கடிதத்தைப் படிக்க முடியாது. மலாயும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த பிள்ளை என்றால் படித்துவிடும், ஆனால் பாட்டிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வாய் வராது. "கம்பெனி என்னமோ சொல்றான் பாட்டி, நோட்டீசாம்" என்று அரையும் குறையுமாக நிற்கும். மூன்றும் தெரிந்த பிள்ளை வரி வரியாகப் படித்து, "பாட்டி, இதுலே இன்னும் பதினாலு நாள் இருக்குன்னு போட்டிருக்கு. அதுக்குள்ளே சங்கத்துக்குப் போவணும். இப்ப கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லும். அந்தப் பிள்ளை அந்த வீட்டுக்கே சங்கச் செயலாளர்.

வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் செய்ததும் இதே வேலைதான். அந்நிய மொழியில் பூட்டிக் கிடந்ததைத் திறந்து தம் சனங்களுக்கு எடுத்துச் சொன்னார். அளவு வேறு, வேலை ஒன்று.

ஆகவே "தமிழா, மலாயா, இங்கிலீஷா" என்று கேட்பதே நம்மை ஏமாற்றுகிற கேள்வி. ஒரு கண்ணைக் கொடுத்து இன்னொரு கண்ணை வாங்குவார்களா? தேசிய மொழி வேண்டும், அது நம் நாட்டு மொழி. ஆங்கிலம் வேண்டும், அது பிழைப்புக்கு உதவும். முடிந்தால் சீனமும் கற்கட்டும், சிங்கப்பூரில் வேலை செய்கிற பையன்களைக் கேளுங்கள், அதன் அருமை சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் அடியிலே தமிழ் வேண்டும். வேர் பிடித்த மரத்தில் எத்தனை கிளையும் ஒட்டலாம்.

செய்ய வேண்டியவை

ஒன்று: தமிழ்ப் பள்ளி பக்கத்தில் இருந்தால் பிள்ளையை அங்கே சேருங்கள். ஆறு ஆண்டுகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளை அதன் பிறகு எந்த மொழிக்குப் போனாலும் தாய்மொழி கையை விட்டுப் போகாது. அங்கே மலாயும் ஆங்கிலமும் பாடமாகவே உண்டு.

இரண்டு: தேசியப் பள்ளியிலோ இடைநிலைப் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைகள் இருந்தால், 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அந்தப் பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். பல இடங்களில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. தனியாக ஒருவர் போனால் "பார்க்கலாம்" என்பார்கள். பதினைந்து பேர் எழுத்திலே கேட்டால் பதிலும் எழுத்திலே கேட்கலாம். இது நமக்குப் புதிதா? சம்பள விசயத்தில் நாம் கற்ற பாடம்தானே!

மூன்று: எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் தேர்வுப் பாடங்களாக இருக்கின்றன. எடுக்கிற பிள்ளைகளைத் தட்டிக் கொடுங்கள். "அது எதுக்குடா உனக்கு?" என்று வாயைத் திறக்காதீர்கள்.

நான்கு: பெரியவர்களுக்கு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத இளம் பெற்றோர்கள் இப்போது நம்மிடையே பலர். வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபத்தேழு வயதில் பண்டிதரிடம் போய் உட்கார்ந்தவரின் கதையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். பிள்ளையின் முதலாம் ஆண்டுப் புத்தகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். ஒரு வருசத்தில் இந்தப் பத்திரிகையை நீங்களே வாசிப்பீர்கள்.

செப்டம்பர் முதல் நாள் அடிகளாரின் நினைவு நாள். அதற்காக மாலையும் மேடையும் தேட வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலிலோ மண்டபத்திலோ கூடும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்து இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பெயரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பதினைந்து பெயர் சேர்ந்தவுடன் கடிதத்தைத் தயார் செய்யுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் சங்கக் கிளைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.